அண்ணன் சொன்ன தூரம்

ஹல்துமுல்லைக் கடைத்தெருவில் இராயப்பனின் ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் படம் எடுக்கும் முன்பு ஒரு கதையைக் கேட்டாக வேண்டும். அடையாள அட்டைக்கு வந்தவராக இருந்தாலும், பிள்ளை கோயிலில் முதல் நன்மை வாங்கும் படத்துக்கு வந்தவராக இருந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பற்றிய கதை அது.

நெடுக்காக எடுத்த அந்தப் படத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மெழுகுதிரியோடு நிற்கிறாள். இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது. திரியின் வெளிச்சம் கீழிருந்து அவள் முகவாயில் விழுகிறது. பின்னால் இருட்டில் கலர் பல்புகள் வட்டம் வட்டமாகக் கரைந்து நிற்கின்றன. சிரிப்பு முழுதாக வரவில்லை, வரப்போகிற நேரம். இதைச் சிறந்த படம் என்று சொல்ல முடியாது. தலைக்கு மேலே இடம் வீணாகக் கிடக்கிறது, ஒரு முழங்கை வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

"தொண்ணூத்தோராம் வருஷம், அந்தோனியார் திருநாள்" என்று இராயப்பன் தொடங்குவார். "கோயிலுக்கு எதிர்ப்பக்கம் தேயிலை மேட்டுல நின்னேன். நீட்டு லென்ஸ் போட்டிருந்தேன். பவனியில பொம்பளைங்க வரிசை கீழ போவுது. அவ்வளவு கூட்டத்துல இந்த ஒரு முகம். அங்க இருந்தே இழுத்து எடுத்தேன். அவளுக்கே தெரியாது. பொறகு இந்தப் படத்தக் காட்டித்தான் பொண்ணு கேட்டோம்."

அந்தப் பெண்தான் அவருடைய மனைவி அந்தோனியம்மா. உள்ளே மேசையில் படங்களைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டே, கதை முடிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைச் சொல்வார்:

"ஆமா, எனக்கு என்னா தெரியும்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்த முகத்தோடு உட்காரச் செய்வது படம் எடுப்பவருக்கு வசதிதான். ஆனால் இராயப்பன் தந்திரத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் கதை அவருக்குத் தேவைப்பட்டது. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போக மனமில்லாமல் பண்டாரவளையில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகி, ஒருவாறு தனக்கென்று ஒரு கடை போட்ட மனிதர் அவர். 'நான் ஒரு படக்காரன்' என்று அவர் தன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு இந்தப் படத்தின் மேல்தான் நின்றது.

கேமரா அவருடையது அல்ல. அண்ணன் சவரிமுத்துவுடையது. தோட்டத்தில் மின்சார வேலை பார்த்த ஒருவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற பிரக்டிகா அது. கூடவே கிட்ட நின்று எடுக்கக் குட்டை லென்ஸ் ஒன்று, தூரத்தை இழுக்க நீட்டு லென்ஸ் ஒன்று. சவரிமுத்து தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் மெஷினில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் படம் எடுப்பார். திருநாள் வந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே கேமராவை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். இருவரும் ஒரே உயரம். அப்பா திருநாளுக்கு ஒரே துணியில் வெட்டி எல்லாருக்கும் சட்டை தைத்துப் போடுவார். அந்தப் படம் எடுத்த வருஷம் நீலக்கட்டம். கூட்டத்தில் கேமராவை முகத்துக்கு முன்னால் பிடித்து நிற்கும்போது எவர் சவரி, எவர் ராயப்பன் என்று பெற்ற அம்மாவாலும் சொல்ல முடியாது.

சவரிமுத்து தொண்ணூற்றேழில் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரு வருஷத் திதிப் பூசை முடிந்த அன்று அண்ணி ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து இராயப்பனின் கையில் கொடுத்தார். உள்ளே வறுத்த அரிசியில் புதைத்தபடி இரண்டு லென்ஸும் இருந்தன. இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்காக அண்ணன் செய்து வைத்த வைத்தியம் அது. பிரக்டிகா உடம்பு தனியாக ஒரு துணிப்பையில் வந்தது. இராயப்பன் இடையிடையே அரிசியை மாற்றினார். மற்றபடி டின்னைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் டிஜிட்டல் கேமரா வாங்கினார். கெனன். அதோடு வந்த லென்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அவருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குக் குறையாக இருந்தது. ஒரு நாள் அரிசி மாற்றும்போது குட்டை லென்ஸைக் கையில் எடுத்து, புதுக் கேமராவின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். பின்திரையில் கடை வாசலின் ஒரு துண்டு மங்கலாக ஆடியது. அண்ணனின் கண்ணாடி புதிய மெஷினுக்குள் வெளிச்சம் அனுப்புகிறது! இதை முறையாக மாட்டினால் என்ன தெரியும் என்ற கேள்வி அன்று பிடித்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

பழைய லென்ஸின் பின்பக்கம் போத்தல் மூடி போலப் புரி. புதிய கேமராவின் வாய் கொக்கிபோட்டுப் பூட்டுவது. நடுவில் ஒரு வளையம் வேண்டும். பதுளையில் லேத் கடை வைத்திருந்த ஹாஷிமிடம் போனார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

ஹாஷிம் லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, மோட்டர்சைக்கிள் காபரேட்டரா?"

"லென்ஸ் நானா. அண்ணனுது. இத இந்தக் கேமராவுல மாட்டணும்."

"பழைய மாப்புளைக்கும் புதுப் பொண்ணுக்கும் கல்யாணம். ரெண்டு வீட்டுக்கும் சம்மதமா?"

"நீங்க தரகர் வேல பாத்தீங்கன்னா சம்மதிப்பாங்க. வளையம் ஒண்ணர மில்லிதான் இருக்கணும். கூடக் கூடாது."

"ஒண்ணர மில்லியா? பித்தளைல அவ்வளவு மெல்லிசாப் புரி வெட்டினா ரெண்டு தரம் கழட்டி மாட்ட முந்தியே பிஞ்சிரும், தம்பி. நான் ஒரு சொட்டு கனமா வெச்சுத் தாறன். ஆயுசுக்கும் ஈக்கும்."

இராயப்பன் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் ஹாஷிம் ஏற்கெனவே பித்தளைத் துண்டை லேத்தில் இறுக்கிவிட்டார். பழுதான ஒரு கெனன் லென்ஸின் பின்தட்டை உள்ளே பொருத்தி அவர் கொடுத்த வளையம், சொன்னது போலவே, ஆயுசுக்கும் இருக்கக்கூடியது. அந்தச் சொட்டுக் கனம்தான் எல்லாவற்றையும் தொடக்கிவைத்தது.

கடைக்கு வந்து மாட்டினார். சிறு திரையில் லென்ஸின் அளவு வரவேண்டிய இடத்தில் இரண்டு சைபர்கள் வந்து நின்றன. அந்தக் கேமராவைப் பொறுத்தவரை அதன் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது பார்த்தது. தனக்குக் கண் இருப்பதே தெரியாமல் ஒன்று பார்க்கிறதே என்று இராயப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தோனியம்மாவின் கையையும் மேசையில் இருந்த கத்தரிக்கோலையும் படம் எடுத்தார். நல்ல கூர்மை. வாசலுக்கு வந்து தெற்கே திரும்பினார். மற்ற ஊர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிற சமவெளி கீழே விரிந்து கிடக்கிறது. கேமராவில் அது ஒரு பச்சைப் புகை. லென்ஸை எவ்வளவு திருகியும் புகை கலையவில்லை. வளையம் தடித்துப் போனதால் லென்ஸ் முன்னே தள்ளி நின்றது. ஏழெட்டு அடிக்கு இப்பால் இருப்பதெல்லாம் தெளிவு. அதற்கு அப்பால் உலகமே இல்லை.

ஹாஷிமுக்குத் தொலைபேசி எடுத்தார். "நானா, தூரம் தெரியல்ல."

"அதுக்கு ஏன் லேத்காரனுக்கு அடிக்கிறீங்க? கண் டாக்குத்தருக்கு அடிங்க."

"வளையம் கனம் நானா."

"நான் எப்பவும் கனம்தான் வெப்பன். கொண்டாங்க, தேய்ச்சுத் தாறன்."

பதுளைக்கு மறுபடி பஸ் ஏறுவதற்குள் சில நாள் போயிற்று. அதற்கிடையில் ஒரு மாலை, மகள் நிலுக்ஷி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்று அந்தக் கேமராவை எடுத்து, பெரகல ஊர்ப் பக்கம் மலை ஏறிப்போகும் வண்டிகளைப் படமெடுத்துக் கொண்டிருந்தாள். தெளிவாக ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும். முகப்பு விளக்குகள் பெரிய பெரிய வட்டங்களாக வருவது அவளுக்குப் பிடித்திருந்தது.

"அப்பா, இங்க வாங்களேன். லைட்டு எல்லாத்தையும் யாரோ கடிச்சு வச்சிருக்காங்க."

இராயப்பன் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு வட்டத்திலும் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம். எலி கடித்த அப்பளம் போல. எல்லா வட்டத்திலும் ஒரே இடத்தில், ஒரே அளவில்.

லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியின் விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. அது அவருக்கு நினைவு இருந்தது. திருநாளுக்கு முந்திய வருஷம் அண்ணன் தொழிற்சாலைப் படியில் லென்ஸைக் கீழே போட்டுவிட்டு, வெளிச்சம் சிதறாமல் இருக்க மை தடவினார். அந்தக் குறை படத்தில் தெரியும் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. பகலில் நல்ல வெளிச்சத்தில், ஒளி நுழையும் லென்ஸின் உள்வாயைச் சுருக்கி வைத்துத்தான் எடுப்பார்கள். அப்போது ஓரம் மறைந்துவிடும். முழுக்கத் திறந்து வைத்து, பின்னால் விளக்குகளும் இருந்தால்தான் கடி தெரியும்.

விளக்குகள் என்று நினைத்ததும் அவர் கால் தானாகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்று.

இவ்வளவு காலமும் அவர் அந்தப் படத்தில் முகத்தைத்தான் பார்த்திருந்தார். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பின்னால் இருந்த பல்புகளைப் பார்த்தார். சிவப்பு வட்டம், பச்சை வட்டம், மஞ்சள் வட்டம். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கடி.

நீட்டு லென்ஸை அரிசியிலிருந்து எடுத்து அதையும் மாட்டிப் பார்த்தார். அதன் வட்டங்கள் பௌர்ணமி நிலவு போல முழுசாக இருந்தன.

ஆகவே அந்தப் படம் நீட்டு லென்ஸில் எடுத்ததல்ல. குட்டை லென்ஸில் இவ்வளவு பெரிதாக ஒரு ஆள் விழவேண்டுமானால் ஐந்தடிக்குள் நின்றிருக்க வேண்டும். யோசிக்க யோசிக்க வேறொன்றும் தெரிந்தது. அன்று பிளாஷின் பற்றரி காலைக் குழுப்படங்களோடு செத்துவிட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில், மேட்டில் நின்று, கையில் பிடித்துக்கொண்டு, அந்த நீட்டு லென்ஸில் யாராலும் படம் எடுக்க முடியாது. அவ்வளவு வெளிச்சம் அதற்குள் போகாது. தொழில் பழகுகிற பையன்கூடச் சொல்லிவிடுவான். பதினாறு வருஷமாக அவர் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்த இராயப்பன் கதை சொல்லும் இராயப்பனை ஒருமுறைகூடக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளை அப்படித்தான் விட்டுவைக்கிறார்கள். மற்ற எதையும் சோதிப்பார்கள்.

அவர் நினைவில் மேடு இருந்தது. கீழே வரிசை போவது இருந்தது. அப்படியானால் அவர் மேட்டில் நின்றபோது கீழே, ஐந்தடியில், குட்டை லென்ஸோடு நின்றது யார்? கேமரா ஒன்று. ஆட்கள் இருவர்.

இதுதான் அவரை உள்ளே அரித்தது. அண்ணன் எடுத்திருந்தால் எடுத்துவிட்டுப் போகட்டும்; தொழில் பெருமை போனால் போகட்டும், அதுகூடப் பெரிதில்லை. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தச் சிரிப்பு யாருக்கும் சொந்தமில்லாத சிரிப்பு. அவள் பாட்டுக்குச் சிரிக்கிறாள், அதை அவர் பிடித்துக்கொண்டார். ஐந்தடியில் நின்று எடுத்த படத்தில் அது ஒருவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. யாரைப் பார்த்து?

மனைவியிடம் கேட்டிருக்கலாம். அவர் ஆறடி தள்ளி உட்கார்ந்து அடையாள அட்டைப் படம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் ஒரு பெயர் வரும். வந்த பிறகு அதைத் திருப்பி அனுப்ப முடியாது. இராயப்பன் கேட்கவில்லை. அடுத்த நாள் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தார்.

"படம் எங்க?" என்றார் அந்தோனியம்மா.

"ஈரம் கட்டியிருச்சு. பிரேம் மாத்தணும்."

"பதினாறு மழைக்குக் கட்டாத ஈரமா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வாடிக்கையாளர்கள் கதை இல்லாமல் உட்கார்ந்தார்கள், இறுகிய முகத்தோடு படத்தில் விழுந்தார்கள். வளையத்தைத் தேய்க்க ஹாஷிமிடம் போகவும் இல்லை. மாலையானால் வாசலில் நின்று கடித்த விளக்குகளைப் பார்த்தார்.

மூன்று நான்கு வாரம் கழிந்து, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஆசிரியை ஜெயமலர் படம் எடுக்க வந்தார். நின்றபடி, நெடுக்காக வேண்டும் என்றார். இராயப்பன் கேமராவை நெடுக்காகத் திருப்பினார். கண்ணை வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தன் வலது கையைப் பார்த்தார். அது மேலே இருந்தது.

"என்ன, கமராவுக்கு ஏதும் ஆச்சுதோ?" என்றார் ஜெயமலர்.

"இல்ல டீச்சர். கையப் பாத்தேன்."

"கை வடிவாத்தான் இருக்கு. படத்தை எடுங்கோ, பஸ் போயிடும்."

எடுத்து அனுப்பினார். ஆசிரியை போன பிறகு கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுக்குப் படம் எடுக்கக் கேமராவைத் திருப்ப இரண்டு வழி உண்டு. வலது கை மேலே போகலாம், கீழேயும் வரலாம். பண்டாரவளையில் அவரைப் பழக்கிய முதலாளி வலது கை மேலே என்று பழக்கினார். அது மாறவே இல்லை. அண்ணனால் அப்படிப் பிடிக்க முடியாது. கேமரா கைக்கு வரும் முன்பே மெஷினில் அடிபட்ட வலது தோள் அவருக்கு மேலே எழும்பாது; தலையைக்கூட இடது கையால்தான் சீவுவார். நெடுக்குப் படம் என்றால் எப்போதும் வலது கை கீழே.

கண்ணாடியில் கடி ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப, படத்தில் கடி உச்சிக்குப் போகும், அல்லது அடிக்குப் போகும். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததும் நெடுக்குப் படம்தான், அதில் கடி உச்சியில் இருக்கிறது.

ஹாஷிமின் வளையத்தை அவர் நம்பவில்லை. அதில் புரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ. சில்லு வேறு பக்கம் போய் நிற்கலாம். துணிப்பையிலிருந்து பிரக்டிகாவை எடுத்தார். அதற்குள் பிலிம் இல்லை, தேவையும் இல்லை. கண் வைத்துப் பார்க்கும் துளையிலேயே வட்டங்கள் தெரியும். குட்டை லென்ஸை அதன் பழைய வாயில் இறுக்கினார். பொழுது சாயும்வரை காத்திருந்தார். வண்டிகள் விளக்குப் போட்டு மேலே ஏறத் தொடங்கின.

முதலில் அண்ணனைப் போலப் பிடித்தார், வலது கை கீழே. எல்லா வட்டத்திலும் கடி அடியில் இருந்தது.

பிறகு தன் வழக்கப்படி திருப்பினார். கடி உச்சிக்கு வந்தது.

மறுபடி கீழே. மறுபடி மேலே. தெருவில் போன ஒருவர், "என்னா ராயப்பன், பஸ்ஸு ஓட்டிப் பழகுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை எடுத்தது அவருடைய கைதான். அதில் சந்தேகமில்லை. அது நிம்மதியைக் கொடுத்திருக்க வேண்டும்; ஒரு நாள்தான் கொடுத்தது. ஐந்தடியில் நின்றவர் அவரே என்றால், மேட்டில் நின்றது யார்? அந்த மேட்டுத் தேயிலையின் ஈரம் முழங்காலில் பட்டதுகூட நினைவிருக்கிறதே, அது யாருடைய முழங்கால்?

இனிக் கேட்கலாம் என்று தைரியம் வந்தது. பகல் சாப்பாட்டு நேரம், கடையில் ஆள் இல்லை.

"அந்தோனி, ஒண்ணு கேக்கவா?"

"ஒரு மாசமாத் தொண்டையில வச்சிருக்கீங்க. கேளுங்க."

"அந்தப் படம் எடுத்தப்ப நான் எங்க நின்னேன்?"

அந்தோனியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, கணவனின் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு எதிரே நிறுத்தினார். இரண்டெட்டு பின்னால் போய், முகத்தைப் பார்த்து, அரை எட்டு முன்னால் வந்தார்.

"இங்க. இவ்வளவு கிட்ட. மெழுகு என் கையில சொட்டுது, சுடுது. நீங்க பொம்பளைங்க வரிசைக்குள்ள நொழைஞ்சு வந்து, கேமராவ மூஞ்சிக்கு முன்னால வச்சிக்கிட்டு கோயில் சுரூபம் மாதிரி நின்னீங்க. ஒரு வார்த்தயும் இல்ல. கையி மட்டும் ஆடுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுக்குள்ள எடுத்துட்டு ஓடிப் போயிட்டீங்க."

"அது நான்தான்னு எப்படித் தெரியும்? அண்ணனும் அதே சட்டைதான்."

"ஒங்க அண்ணனுக்குக் கையி எதுக்கு ஆடணும்?"

இராயப்பன் அலுமாரியின் மேலே பார்த்தார். "அப்போ தேயிலை மேடு?"

"அது ஒங்க அண்ணன் சொன்னது." அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். "பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னைக்கி. எங்கப்பா படத்தக் கையில வச்சிக்கிட்டு என்னா கேட்டாரு? 'எம் பொண்ணு படம் ஒங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு? எவ்வளவு கிட்ட நின்னு எடுத்தீங்க?'ன்னாரு. தோட்டத்துல ஆள் மேய்க்கிற கங்காணி குரல்ல. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். பவனியில பொம்பளைங்க வரிசைக்குள்ள ஒரு ஆம்பள வந்தான்னு தெரிஞ்சா அன்னைக்கே தட்டத்தத் திருப்பி அனுப்பியிருப்பாரு. ஒங்க அண்ணன்தான், 'கிட்டயா? ஐயோ மாமா, மேட்டுல நின்னு நீட்டு லென்ஸ்ல எடுத்தது. தேயிலைக்குள்ள முழங்கால் நனைய நின்னான். தம்பி பொண்ணுங்க இருக்கிற பக்கமே போவமாட்டான்'னு சொன்னாரு. நீங்க தலையக் குனிஞ்சு பலகாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

முழங்கால் என்ற சொல் வந்ததும் இராயப்பன் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் பொறகு நீங்களே அதச் சொல்ல ஆரம்பிச்சீங்க. மொதல்ல எங்கப்பாவுக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் போவப் பாத்தா, மனுசன் நெசமாவே நம்பிட்டாரு."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க என்னயக் கேட்டீங்க? எதுத்தாப்புல உக்காந்திருக்கேன், ஒடைஞ்சு போன கண்ணாடியப் போயிக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க." கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது. "அதோட, கதை நல்லாத்தான் இருந்துச்சு. அவ்வளவு கூட்டத்துல என்னய மட்டும் பாத்தேன்னு புருசன் ஊரெல்லாம் சொன்னா எனக்கு என்னா நட்டம்?"

அன்று மாலை இராயப்பன் படத்தை அலுமாரியின் மேலிருந்து இறக்கி, மேசையில் வைத்துக்கொண்டு, ஐந்தடித் தூரத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். மெழுகு வாசம், நெருங்கிய முகம், ஆடிய கை. எதுவும் வரவில்லை. கண்ணாடி ஒரு சாட்சி, மனைவி ஒரு சாட்சி; இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள், அவர் மறுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அவர் மேட்டில்தான் நிற்கிறார். தேயிலை ஈரமாக இருக்கிறது. அண்ணன் விட்டுப்போனது இரண்டு லென்ஸும் ஒரு கேமராவும் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தார். இந்த மேட்டையும் அவர்தான் கொடுத்திருக்கிறார். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கலாம். இதைக் கழற்றும் வழி அவருக்குத் தெரியவில்லை.

படம் பழைய இடத்துக்கே போயிற்று.

கொஞ்ச நாளில் மாமனார் கடைக்கு வந்தார். கங்காணி வேலையிலிருந்து ஓய்ந்து நெடுநாளாகிவிட்டது, குரல் மட்டும் ஓயவில்லை. ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு குடும்பம் காத்திருந்தது. கிழவர் உட்காரவில்லை, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய்க் கைத்தடியை ஊன்றி நின்றார்.

"இது எம் பொண்ணு" என்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னார். "இத எடுத்தது எம் மருமகன்தான். எங்க இருந்து எடுத்தாரு தெரியுமா? மேட்டுல இருந்து. அவ்வளவு தூரம். அந்தக் காலத்துல அப்படி ஒரு மரியாதை."

குடும்பம் இராயப்பனைப் பார்த்தது. இராயப்பன் உள்ளே பார்த்தார். அந்தோனியம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இராயப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றார்.

கேமராவில் குட்டை லென்ஸ் மாட்டியிருந்தது. ஹாஷிமின் கனத்த வளையத்தை அவர் கடைசிவரை தேய்க்கக் கொடுக்கவில்லை. முகங்களுக்கு அது போதும் என்று முடிவு செய்திருந்தார். நெடுக்காகத் திருப்பினார், வலது கை மேலே. தெளிவு கிடைக்கும்வரை முன்னால் நடந்தார். கிழவரின் மூச்சு கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்.

"என்னா மாப்பிள்ள, மடியில ஏறிருவீங்க போல இருக்கே? தள்ளி நின்னு எடுக்கிற ஆளாச்சே நீங்க."

"இந்த வளையத்துக்குத் தூரம் தெரியாது மாமா. கிட்ட வந்தாத்தான் தெரியும்."

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நின்றது. கிழவர் சிரிக்கத் தொடங்கும் முன்பு, சிரிப்பு வரப்போகிற நேரத்தில், இராயப்பன் அழுத்தினார்.